எறும்பாட்டம்

தலையைக் கிள்ளும்போதே குடலும் கூட வந்துவிட வேண்டும், நெத்திலி ஆய்வதில் இருக்கிற கைவாகு அவ்வளவுதான். கட்டைவிரல் நகத்தைச் செவுளுக்குக் கீழே கொடுத்து ஒரு சுண்டு, தலை முறத்துக்கு, உடம்பு அன்னக்கூடைத் தண்ணிக்கு. பிலோமி இதைத் தூக்கத்திலும் செய்வாள். ஆனால் இன்றைக்குக் கை ஒரு பக்கம், மனசு ஒரு பக்கம். மூன்றாவது தடவையாகத் தலையைத் தண்ணியிலும் உடம்பை முறத்திலும் போட்டுவிட்டு யாராவது பார்த்தார்களா என்று திரும்பினாள். பூனை பார்த்தது, பூனைக்கு அதில் வருத்தமில்லை. இரண்டு கிலோ நெத்திலி. அண்ணனைப் பற்றிப் படம் எடுத்த வசுமதியும் அவள் கூட்டாளிகளுமாக ஆறு பேர், சாயங்காலம் கோயிலுக்குப் பின்னால் வலைக் கொட்டகையில் திரை கட்டிப் படம் போட்டு முடித்ததும் இங்கேதான் சாப்பாடு என்று மாமியார் ஸ்தெல்லா அத்தை சொல்லிவிட்டாள், "எட்டு மாசமா கேமராவைத் தூக்கினு நம்ம வாசல்ல நின்ன புள்ளைங்க, வெறும் வயித்தோட அனுப்புவியா?" எட்டு மாசம். அதில் ஏழு மாசம் கேமராவைக் கண்டாலே பிலோமி கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள், வசு கேட்கிறதுக்கெல்லாம் கதவுதான் பதில் சொல்லும், ஆமாம், இல்லை, தெரியாது. எட்டாவது மாசம் ஒருநாள் வசு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "நானும் உரிக்கிறேன், குடுங்க" என்று ஒரு இறாலை வாங்கி, அதன் கொம்பு விரலில் குத்தி, ஒரு சொட்டு ரத்தம் வந்ததும் முகம் வெளுத்துப்போய் விரலை வாயில் வைத்தாள். அந்த முகம் அப்படியே அண்ணன் முகம். பிலோமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே சொல்லிவிட்டாள், பத்து வருஷமாக ஒருத்தருக்கும் சொல்லாததை. பின்னால் ஓரமாக நின்றிருந்த கேமரா ஓடிக்கொண்டிருந்தது. ஒளித்துவைத்து எடுக்கவில்லை, எதிரிலேதான் நின்றது, பிலோமிக்குத்தான் மறந்துபோய்விட்டது. மூன்று நிமிஷம். அந்த மூன்று நிமிஷம் படத்தில் இருக்கட்டுமா வேண்டாமா என்று பதினோரு மணிக்கு வசு போன் பண்ணிக் கேட்பாள். நேற்றே கேட்டாள், "பேண்டோட பழைய ஆளுங்க எடுத்துடச் சொல்றாங்க பிலோமி, கொள்ளியோட பேரு கெட்டுடுமாம். என்னைக் கேட்டா இருக்கணும். ஆனா அவரு உங்க அண்ணன், அது உங்க முகம். நீங்க வேணாம்னா எடுத்துடறேன்." பிலோமி வழக்கம்போல வாய்க்குள் எதையோ முனகினாள். அந்த முனகலுக்குத்தான் வசு கொடுத்தது பதினோரு மணி வரை நேரம். போன் அந்தோணியார் படத்துக்குப் பக்கத்தில் சார்ஜில் கிடக்கிறது. கோயில் மணி பத்தடித்து எவ்வளவு நேரம் ஆனது, கால் கிலோ ஆய்ந்திருப்பாள், இல்லை, அரைக் கிலோ.

இன்னாசிமுத்து என்று ஞானஸ்நானப் பேர் வைத்த பிள்ளைக்குக் கொள்ளி என்று பேர் வைத்தது அம்மாதான். கொள்ளியில போறவனே, கொள்ளியில போறவனே என்று காலையில் எழுந்ததிலிருந்து அம்மா வைதுகொண்டிருப்பாள், அவன் அதையே எடுத்துக்கொண்டு மேடையில் ஏறி, "எங்கம்மா வெச்ச பேரு, நல்லாக்கீதா?" என்று கேட்டான், கூட்டம் நல்லாக்கீது என்றது. துறைமுகத்தில் ஐஸ் கட்டி ஏற்றுகிற வேலை அவனுக்கு. கூட ஏற்றின இரண்டு பேரையும், கிதார் வைத்திருந்த ஒரு ரயில்வே காலனிப் பையனையும் சேர்த்துக்கொண்டு ஐஸ்பொட்டி என்று ஒரு பேண்டு. கத்திக் கிழிக்கிற பங்க் பாட்டு பாடுகிறேன் என்று வீட்டில் வந்து சொன்ன அன்றைக்கு, பிள்ளைக்குப் பெட்ரோல் பங்கில் வேலை கிடைத்துவிட்டதென்று அம்மா மெழுகுவத்தி வாங்கிக்கொண்டு கோயிலுக்கு ஓடினாள். திரும்பி வந்து விஷயம் தெரிந்ததும் மீதி மெழுகுவத்தியாலேயே அடித்தாள். பிலோமிக்குத் தனியாகச் சிரிப்பு வந்தது, கையிலிருந்த நெத்திலி வழுக்கிப் பூனையிடம் போனது, சரி தின்னு. நேற்று மாலை புருஷன் சகாயம் டீசல் கையைக் கழுவிவிட்டு வந்து, வசு அனுப்பியிருந்த படத்தைப் போனில் போட்டான், அத்தை ஒரு பக்கம், மூன்று வயசு ஜெனோவா மடியில். அப்பா, என்ன படம். ஸ்பீக்கர் பெட்டி மேலிருந்து அண்ணன் கூட்டத்துக்குள் குதிக்கிறான், கூட்டம் பிடிக்காமல் விலகுகிறது. பாட்டில், பாட்டில், எங்கே பார்த்தாலும் பாட்டில். நெற்றியில் ட்யூப்லைட்டை உடைத்துக்கொள்கிறான், போலீஸ் ஜீப்பில் ஏறும்போது போட்டோக்காரனுக்கு முத்தம் கொடுக்கிறான், ஒரு பெரிய மனுஷர் அவன் பிறந்ததே அழிவதற்குத்தான் என்கிறார். அத்தை ஜெனோவாவின் கண்ணைப் பொத்தினாள், ஜெனோவா விரல் சந்து வழியாகப் பார்த்தது. பிறகு ஒருவர், முதுகுக்குப் பின்னால் சுவர் முழுக்கப் புஸ்தகம், தாடியைத் தடவிக்கொண்டு அந்த ஆட்டத்தைப் பற்றிச் சொன்னார். இன்றைக்குத் தெருவில் பாதிப் பையன்கள் ஆடுகிற கொள்ளியாட்டம், ஒரு கை அக்குளுக்குள் போகும், ஒரு கால் பின்னால் உதைக்கும், முதுகு எதன்மேலாவது தேயும், கடைசியில் விழுந்து புரள வேண்டும். "அந்த உடலசைவில், தலைமுறை தலைமுறையாக அடக்கிவைத்த வலி தோலுக்கு அடியிலிருந்து வெளியேறத் துடிக்கிறது" என்றார் அவர். தோலுக்கு அடியிலிருந்து. பிலோமி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். "அழுவுறியா?" என்றான் சகாயம். அவள் அழுகிறாள் என்று நினைத்து முதுகைத் தடவிக்கொடுத்தான், நல்ல மனுஷன், அதில் இன்னும் சிரிப்பு வந்து மூச்சு முட்டிப்போனது. அடுத்ததாக அவள் முகமே வந்தது. சோற்றுத் தட்டு அளவுக்கு ஒரு முகம், முன்பல் சந்து தெரிய, ஏழாவதோடு நின்றுபோனவளின் பேச்சு, அது, அது என்று இழுத்துக்கொண்டு. அத்தை மூன்று நிமிஷமும் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் எழுந்துபோய் உலை வைத்தாள். அதுதான் பயமாக இருக்கிறது. அத்தை வைதால் கணக்கு சரியாகிவிடும், வையாமல் உலை வைத்தால் என்ன அர்த்தம்.

ரத்தம் கேட்டவன் அண்ணன். எங்கோ வெளிநாட்டில் ஒருத்தன் நெஞ்சில் ரத்தம் வழியப் பாடுகிறதைப் பார்த்துவிட்டு வந்து எனக்கும் வேண்டும் என்றான், அப்போது அண்ணனுக்கு இருபத்தொன்று, அவளுக்குப் பதினாலு. ஆனால் ரத்தத்தைப் பார்த்தால் ஆள் விழுந்துவிடுவான். ஸ்கூலில் ஊசி போட வந்த அன்றைக்கு இவனைத் தூக்கிக்கொண்டுதான் நாலு பேர் வீட்டுக்கு வந்தார்கள், ஊசி இவனுக்குக்கூட இல்லை, முன்னால் நின்ற பையனுக்கு. மீன் ரத்தம் கொண்டுவரட்டுமா என்று பிலோமி கேட்டாள். "அறிவு கீதா உனக்கு, ஸ்டேஜ் மேல பூனை ஏறிடும்டி." பூனையைப் பற்றி யோசித்த மனுஷன் மற்றதை யோசிக்கவில்லை, அவளும் யோசிக்கவில்லை. ரோஸ்மில்க் எசன்ஸ் ஒரு பாட்டில், சர்க்கரைப் பாகு காய்ச்சி அதில் ஊற்றிக் கொஞ்சம் மைதா கரைத்துவிட்டால் என்ன நிறம், என்ன நிறம், கரண்டியில் எடுத்துத் தூக்கி ஊற்றினால் சொட்டுச் சொட்டாக மெதுவாக இறங்குகிறது, இரண்டு பேரும் அடுப்புக்கு முன்னால் குந்திக்கொண்டு ஆளுக்கு ஒரு விரல் நக்கிப் பார்த்தார்கள், நாக்கு சிவந்துபோய் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்தார்கள். வீடு முழுக்க ரோஜா வாசனை. அம்மா வந்து எவளுக்குடா கல்யாணம் என்றாள். அந்த வாசனை இப்போது, இவ்வளவு மீன் கவிச்சியிலும், எங்கிருந்து வருகிறது, மூக்குக்குள்தான் இருக்கிறதா இத்தனை வருஷமும். பாகைத் தண்ணி பாக்கெட் கவரில் ஊற்றி நூல் கட்டி, பனியனுக்குள் பக்கத்துக்கு இரண்டாகத் தைத்ததும் அவள்தான், நெஞ்சில் ஓங்கி அடித்துக்கொண்டால் உடையும். ஒரு காலேஜ் விழா. பனியன் வைத்த பையைத் தூக்கிக்கொண்டு கூடப் போனாள். மேடைக்குப் பின்னால் ஒரு ரூம், ரூம் நிறைய இங்கிலீஷ் பேசுகிற பெண்கள், தலையை விரித்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொருத்தியும் சினிமாவிலிருந்து இறங்கி வந்த மாதிரி. பிலோமி சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள். பை ஜன்னல் ஓரம், ஜன்னலுக்கு வெளியே மாமரம். ஒரு கவர் ஒழுகியிருக்கிறது. மாமரத்திலிருந்து ஜன்னல் கம்பி, கம்பியிலிருந்து சுவர், சுவரிலிருந்து பை என்று சுள்ளெறும்பு கோடு போட்டு வந்துகொண்டிருந்ததை அவள் பார்த்தாள். பார்த்தாள், அதுதான் விஷயம். வசுவிடம் சொல்லும்போதுகூட அதைக் கொஞ்சம் மென்று முழுங்கித்தான் சொன்னாள். அண்ணன் பனியனை எடுத்து உதறாமல் மாட்டினதையும் பார்த்தாள். அண்ணா, எறும்பு. இரண்டே வார்த்தை. அத்தனை பெண்களும் திரும்பிப் பார்ப்பார்களே, எறும்பா என்பார்களே, அவள் பாவாடையைப் பார்ப்பார்களே. வாயைத் திறக்கவில்லை. கொஞ்சம் எறும்புதானே என்று நினைத்துக்கொண்டாள்.

முதல் பாட்டில் இரண்டு வரி ஒழுங்காகப் பாடினான். மூன்றாவது வரியில் குரல் ஒரு மாதிரி மேலே ஏறியது. கை அக்குளுக்குள் போனது. கால் பின்னால் ஓர் உதை உதைத்தது, மறுபடி உதைத்தது. பாட்டு மறந்துபோய் ஏ, ஏ, ஏ என்று கத்தினான், கீழே இருந்தவர்கள் ஏ, ஏ, ஏ என்று திருப்பிக் கத்தினார்கள். முதுகை ஸ்பீக்கர் பெட்டியில் வைத்துத் தேய் தேய் என்று தேய்த்து, நெஞ்சில் பட் பட்டென்று அடித்துக்கொண்டான், ரத்தத்துக்காக இல்லை, எறும்புக்காக. கவர் நாலும் உடைந்து சிவப்பாக ஊற்றியது, ஊற்றினதும் மிச்ச எறும்பும் முழித்துக்கொண்டது. விழுந்து புரண்டான். ட்ரம்ஸ் அடிக்கிறவன் அவனைப் பார்த்துப் பார்த்து இன்னும் வேகமாக அடித்தான், அடிக்க அடிக்க இவன் புரண்டான், புரளப் புரளக் கூட்டம் பைத்தியம் பிடித்துக் குதித்தது. சினிமாவிலிருந்து இறங்கி வந்த பெண்களும் கையை அக்குளில் விட்டுக்கொண்டு குதித்தார்கள். திரைக்குப் பின்னால் பிலோமி, அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவளுக்கே தெரியாமல், மாதாவே, மாதாவே என்று. திரும்பி வரும்போது பஸ்ஸில் கடைசி சீட்டில் சட்டையைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்திருந்தான், நெஞ்செல்லாம் தடிப்பு தடிப்பாக, அதன்மேல் சர்க்கரைப் பாகு காய்ந்து பிசுபிசுவென்று, ரோஜா வாசனையோடு. டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டர் மோந்து பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போய்விட்டார். "பாத்தியா நீ?" என்றான் அண்ணன். "பாத்தேண்ணா." "எறும்பை?" அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அடிப்பான் என்று கண்ணை மூடினாள். அவன் சிரிக்க ஆரம்பித்தான். முன் சீட்டைப் பிடித்துக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சொறிந்துகொண்டே சிரித்தான், இரண்டு ஸ்டாப் வரைக்கும் சிரித்தான், அவளும் சிரித்தாள், "சொல்றதுக்கு வெக்கமாக்கீதுன்னு என்னைக் கொன்னுட்டியேடி." வீட்டுக்கு வந்து அந்தோணியார் படத்தில் கையை வைக்கச்சொல்லிச் சத்தியம் வாங்கினான், எறும்பு என்று எவனுக்கும் சொல்லக் கூடாது, அடுத்த ஷோவுக்கு அதே ஆட்டம் கேட்கிறார்கள்.

அடுத்த ஷோவிலும் ஆடினான், எறும்பு இல்லாமல். ஆட்டம் மனப்பாடமாகிவிட்டது. எறும்புக்குப் பயந்து பாகை மட்டும் விட்டுவிட்டான். இங்கேதான் வந்து ஒவ்வொரு தடவையும் நகம் மாட்டிக்கொள்கிறது, இதோ, செவுளுக்குள் மாட்டி உடம்பே பிய்ந்துவிட்டது, இது வறுவலுக்கு ஆகாது. ரத்தம் எங்கடா, ரத்தம் எங்கடா என்று கீழேயிருந்து கத்தினார்கள். ஒருநாள் ட்யூப்லைட்டை எடுத்தான். ஊசிக்கு விழுகிற ஆள், குடித்திருந்தால் விழவில்லை. விழாமல் இருக்கக் குடித்தான், பிறகு குடிக்கவே குடித்தான். முதல் ரத்தம் அவள் காய்ச்சினது. அன்றைக்கு அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லியிருந்தால் பனியனை உதறியிருப்பான், ஆட்டம் வந்திருக்காது, கூட்டம் வந்திருக்காது, ரத்தம் எங்கடா என்று எவனும் கேட்டிருக்க மாட்டான், அண்ணன் இப்போது ஐஸ் ஏற்றிவிட்டு, தொப்பை போட்டு, ஜெனோவாவைத் தோளில் தூக்கிக்கொண்டு, இப்படியே நினைத்துக்கொண்டு போய்ப் போய், திரும்ப அந்த மாமரத்துக்கே வந்து நிற்பாள். இருபத்தேழு வயசில் போனான், நாலு வருஷமாகிறது. அம்மாவும் போய்ச் சேர்ந்தாள். அதற்கப்புறம் எறும்பு தெரிந்தது இவள் ஒருத்திக்குத்தான், இப்போது வசுவுக்கும் வீட்டுக்கும். சத்தியத்தை மீறினதற்குச் செவ்வாய்க்கிழமை அந்தோணியார் கோயிலில் உப்பும் மிளகும் வைத்து, பிள்ளைகளுக்கு ரொட்டி வாங்கிக் கொடுத்தாயிற்று, அவர் மன்னிப்பார், கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டே நிற்கிறவருக்குத் தெரியாதா. ஆட்டோ ஓட்டுகிற ரீகன் மன்னிப்பானா. முழங்கையில் கொள்ளி ஆடுகிற மாதிரியே பச்சை குத்தி வைத்திருக்கிறான், கை அக்குளுக்குள், கால் பின்னால். நேற்று வழிமறித்து, "இன்னாக்கா, படத்துல நீ ஏதோ தப்பாச் சொல்லிக்கீறியாமே, தலைவரைப் பத்தி?" என்றான். பிலோமி அவன் முகத்தைப் பார்க்கவில்லை, அந்தப் பச்சையைத்தான் பார்த்தாள், எவ்வளவு அழகாகக் குத்தியிருக்கிறான், விரல்கூட எறும்பு கடித்த இடத்தையே சொறிகிறது. சிரிப்பை அடக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடிவந்துவிட்டாள். அண்ணன் செத்துப்போனான், இவள் பல்லைக் காட்டுகிறாள் என்று கொட்டகை முழுக்கச் சொல்லும். சொல்லாதா. எடுத்துவிடச் சொல்லிவிடலாம். கதவுக்குப் பின்னால் போய்விடலாம். அதுதான் சுலபம், அதுதான் பழக்கம்.

முறத்து ஓரம் ஓர் எறும்பு நெத்திலித் தலை ஒன்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது, தன்னைப்போல இருபது மடங்கு. மற்ற நாளாக இருந்தால் விரலால் சுண்டியிருப்பாள். உள்ளே அத்தை மிளகாய்த்தூளைத் தேடிக்கொண்டே, "ஜெனோவா, குச்சியைக் கீழே போடு" என்கிறாள். ஜெனோவா காலையிலிருந்து குச்சியை மைக்காகப் பிடித்துக்கொண்டு ஆடுகிறது, ஒரு கை அக்குளுக்குள், ஒரு கால் பின்னால், கால் தூக்கினால் விழுகிறது, விழுந்தால் அதையும் ஆட்டம் என்று நினைத்துப் புரண்டு கெக்கெக்கே என்று சிரிக்கிறது. மாமன் சிரிப்பு. ஆமாம், அதுதானே. நேற்றிலிருந்து என்னவோ குறைகிறது, என்னவோ குறைகிறது என்று உறுத்திக்கொண்டிருந்தது இதுதானே. ஒன்றரை மணி நேரப் படத்தில் அண்ணன் கத்துகிறான், உடைக்கிறான், வாந்தி எடுக்கிறான், முறைக்கிறான், ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை. பஸ்ஸில் இரண்டு ஸ்டாப் சிரித்தவன், நாக்கைச் சிவப்பாக நீட்டிக்கொண்டு சிரித்தவன், படத்தில் எங்கே. அவள் சொன்ன மூன்று நிமிஷத்தில்தான் இருக்கிறான். அதை எடுத்துவிட்டால் ஜெனோவா பெரியவளாகி மாமன் யார் என்று பார்க்கும்போது கொள்ளிதான் இருப்பான், இன்னாசி இருக்க மாட்டான். கை தானாக வேகம் பிடித்தது, தலை முறத்துக்கு, உடம்பு தண்ணிக்கு, ஒன்றுகூடத் தப்பவில்லை. இன்னொன்று இருக்கிறதே. வசுவிடமும் சொல்லாதது. ஆஸ்பத்திரியில் கடைசி வாரம், கண்ணெல்லாம் மஞ்சளாக, கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்க, அவள்தான் அழுதுகொண்டே ஒப்புக்கொண்டாள், அண்ணா, முதல் ரத்தம் நான் குடுத்ததுதானே, நான்தானே. "நீ குட்த்தது ரோஸ்மில்க்குடி. மத்ததெல்லாம் நானா வாங்கினது" என்றான். இந்த வார்த்தையை எப்படி மறந்து மறந்து மாமரத்தடிக்கே போய் நிற்கிறாள் இத்தனை வருஷமாக. அதோடு விடவில்லை அவன். பாட்டில் மாட்டியிருந்த கம்பியைக் கண்ணால் காட்டினான், கம்பி மேல் எறும்பு, சர்க்கரைத் தண்ணிக்குக் கோடு போட்டு ஏறிக்கொண்டிருந்தது. "பாரு பிலோ, ஃபேன்ஸு வந்துட்டாங்கோ." சிரித்துச் சிரித்து இருமல் வந்து, நர்ஸம்மா ஓடிவந்து அதட்டி, அதட்டின நர்ஸம்மாவும் என்னவென்று தெரியாமலே சிரித்து. சொல்லத்தான் வேண்டும். ரீகனும் கேட்கட்டும், தாடிக்காரரும் கேட்கட்டும், இங்கிலீஷ் பெண்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கட்டும், பல் சந்து தெரிந்தால் தெரியட்டும். போனை எடுத்ததும் இப்படி, வசு, நான்தான் பிலோமி, அதை வெட்ட வேணாம், இன்னும் ஒண்ணு கீது, சாயங்காலம் படம் போடறதுக்கு முன்னால நானே நின்னு சொல்றேன், நீங்க பக்கத்துல நில்லுங்க. அத்தை உள்ளேயிருந்து வந்து அன்னக்கூடையை எட்டிப் பார்த்தாள். "நல்லா ஆஞ்சிக்கீற" என்றாள், பிறகு முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, "அந்த எறும்புக் கதை, நேத்து ராவெல்லாம் நெனச்சு நெனச்சுச் சிரிச்சேன்டி, உங்க மாமாவை எழுப்பிச் சொல்லி அவரும்..." என்று இழுத்து, எங்கோ பார்த்தபடி உள்ளே போய்விட்டாள். அட, உலை வைத்தது அதற்குத்தானா, சிரிப்பை மறைக்கவா, அப்படியானால் ஆஸ்பத்திரிக் கதையை இந்த அத்தைக்கே முதலில் சொல்லிப் பார்க்கலாம், அந்தக் கம்பி மேல முதல்ல ஒரே ஒரு எறும்புதான் அத்தே ஏறிச்சு, அப்புறமா அதுக்குப் பின்னாலயே...

"பிலோமி, போன் அடிக்குது, பதினொன்னு ஆச்சு பாரு. கையை அப்பிடியே வெச்சிக்கினு வா, நான் காதுல புடிக்கிறேன்."

"தோ வந்துட்டேன் அத்தே, அந்தப் பொண்ணாண்ட சொல்லு, நான் பேசறேன்னு, இன்னும் ஒரு எறும்புக் கதை கீதுன்னு..."